மைக் டைசன்: பில்டப்புக்குத் தகுந்த ஆளா?

கேள்வி இதுதான்: "மைக் டைசன் உண்மையிலேயே அவ்வளவு பெரிய குத்துச்சண்டை வீரரா, இல்லை டிவியும் புரமோட்டர்களும் ஊதிப் பெரிதாக்கிய ஆளா? பெரிய ஆட்களோடு மோதியபோதெல்லாம் தோற்றுத்தானே போனார்?"

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். 1986 முதல் 1988 வரை அவரைப் பற்றிச் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. அதற்கு அப்புறம் சொன்னதில் பெரும்பகுதி பழைய சரக்கு. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு: உலகம் டைசனின் குத்தைக் கொண்டாடியது, ஆனால் அவரைச் சாம்பியன் ஆக்கியது அடி வாங்காமல் எதிராளியின் நெஞ்சுக்கு நேரே போய் நிற்கிற வித்தை. அந்த வித்தை கைவிட்டுப் போன பிறகும் குத்து மட்டும் சில காலம் மிச்சமிருந்தது. நாக்-அவுட்டுகள் தொடர்ந்து வந்ததால், சரக்கு தீர்ந்துவிட்டது என்பதை 1990-ல் டோக்கியோவில் அவர் தோற்கும் வரைக்கும் யாரும் கவனிக்கவில்லை.

முதலில் இந்தப் பில்டப்பை யார் கட்டினார்கள் என்று பார்ப்போம்.

நியூயார்க்கில் புரூக்ளினின் பிரவுன்ஸ்வில் பகுதியில் வளர்ந்தவர் டைசன். சின்ன வயதிலேயே பல முறை போலீஸில் சிக்கி, டிரையான் என்ற சிறுவர் சீர்திருத்தப் பள்ளிக்குப் போனார். அங்கே வேலை பார்த்த பாபி ஸ்டூவர்ட் ஒரு முன்னாள் குத்துச்சண்டைக்காரர். பையனிடம் விஷயம் இருக்கிறது என்று பார்த்து, கேட்ஸ்கில் என்ற சிற்றூரில் ஜிம் நடத்திக்கொண்டிருந்த கஸ் டமாட்டோவிடம் கொண்டுபோய் விட்டார். டமாட்டோ லேசுப்பட்ட ஆள் இல்லை. 1956-ல் 21 வயதில் ஹெவிவெயிட் பட்டம் வென்று, அதுவரை யாரும் அந்த வயதில் தொடாததைத் தொட்ட ஃபிளாய்ட் பேட்டர்சன் அவருடைய தயாரிப்பு. லைட்-ஹெவிவெயிட் சாம்பியன் ஹொசே டோரஸும் அவர் கைப்பிள்ளைதான்.

அமெச்சூர் காலத்தில் டைசன் ஒன்றும் தோல்வியே காணாதவர் இல்லை. 1984 ஒலிம்பிக் அணிக்கான தேர்வில் ஹென்றி டில்மன் என்பவரிடம் இரண்டு முறை தோற்றார். டில்மன் லாஸ் ஏஞ்சலஸில் தங்கமும் வாங்கினார். டைசன் 1985 மார்ச்சில் தொழில்முறைச் சண்டைக்கு வந்தார். அந்த ஒரே ஆண்டில் 15 சண்டைகள், பதினைந்தும் நாக்-அவுட்.

மேனேஜர்கள் ஜிம் ஜேக்கப்ஸும் பில் கேட்டனும் பழைய குத்துச்சண்டைப் படச்சுருள்களை மலைபோலச் சேர்த்து வைத்திருந்தவர்கள். ஒரு சண்டையின் எந்தப் பத்து விநாடி ஜனங்களின் மனசில் ஒட்டும் என்று அவர்களுக்கு அத்துப்படி. டைசனின் நாக்-அவுட்டுகளை மட்டும் வெட்டித் தொகுத்து, வீடியோ கேசட்டாக்கி, விளையாட்டு நிருபர்களுக்கு அனுப்பினார்கள். எதிரிகளில் பெரும்பாலோர் நாலு காசுக்காக அடி வாங்க வந்தவர்கள் என்பது கேசட்டில் தெரியாது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, எல்லா இளம் வீரர்களையும் இப்படித்தான் வளர்த்தெடுப்பார்கள். ஆனால் டைசன் என்றால் நம் கண்ணில் வருகிற படம் அந்தக் கேசட்டிலிருந்து வந்தது. இன்றைக்கு யூடியூபில் ஓடும் தொகுப்புகளும் அதே ரகம்தான். விழுகிற ஆளைக் காட்டுவார்கள்; அதற்கு முந்தைய இரண்டு விநாடியைக் காட்ட மாட்டார்கள்.

அந்த இரண்டு விநாடியில்தான் விஷயமே இருக்கிறது.

ஹெவிவெயிட்டுகளில் டைசன் குள்ளம். உயரம் 5 அடி 10 அங்குலம், கை நீட்டளவு 71 அங்குலம். அவர் எதிர்கொண்ட டைரெல் பிக்ஸ், டோனி டக்கர் எல்லாம் ஆறரை அடிக்குப் பக்கமாக இருந்தவர்கள். இப்படிப்பட்ட ஆள் தூரத்தில் நின்றால், முன்கையை நேராக நீட்டிக் குத்தும் ஜாப் வாங்கியே செத்துப்போவார். அதனால் டமாட்டோ சொல்லிக்கொடுத்த முறையில், இரண்டு கையுறைகளையும் கன்னத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தலையை ஓயாமல் இடமும் வலமுமாக அசைத்தபடி உள்ளே போக வேண்டும். ஜாப் வந்தால் பின்வாங்கக் கூடாது. தலையை அதன் வெளிப்பக்கமாகச் சாய்க்க வேண்டும். சாயும்போதே உடம்பின் எடை ஒரு காலுக்கு மாறும், முழங்கால் மடங்கும். அந்த மடங்கிய காலிலிருந்து கிளம்புவதுதான் குத்து. தப்பிப்பதும் அடிப்பதும் ஒரே அசைவாகிவிடுவதால், எதிராளி தன் குத்து காற்றில் போனதை உணர்வதற்குள் பதில் வந்து இறங்கிவிடும்.

அவருடைய கையெழுத்து மாதிரியான ஒரு கூட்டுக் குத்து உண்டு. வலது கையால் விலாவில் ஒன்று போடுவார். வலி தாங்காமல் எதிராளியின் முழங்கை தானாகவே கீழே இறங்கும். இறங்கிய இடத்தில் தாடை திறந்து கிடக்கும். அதே வலது கை, இடையில் இடது கைக்கு வேலை கொடுக்காமல், அப்பர்கட்டாக மேலே வரும். ஹோசே ரிபால்ட்டாவுடன் 1986-ல் நடந்த சண்டையை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், இது எத்தனை முறை வருகிறது என்று.

இதெல்லாம் காட்டுத்தனமான ஆவேசம் என்று நினைப்பவர்கள் நிறைய பேர். மெத்தை சுற்றிய பலகையில் மனித உருவம் வரைந்து, தாடை, விலா, ஈரல் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் கொடுத்து, எண்ணைச் சொல்லச் சொல்ல அடித்துப் பழகியவர் அவர். சண்டையின்போதும் பயிற்சியாளர் கெவின் ரூனி, வீரரின் ஆட்கள் நிற்கிற ரிங் மூலையான கார்னரிலிருந்து எண்களைக் கத்துவார். டைசன் அந்த வரிசையிலேயே குத்துவார். மிருகம் என்று விற்கப்பட்ட ஆள் உண்மையில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாணவர்.

சரி, ரிங்கில் என்ன சாதித்தார்?

1986 நவம்பர் 22, லாஸ் வேகஸ். அப்போது உலகப் பட்டத்தை மூன்று அமைப்புகள் தனித்தனியாகக் கொடுத்தன. அதில் ஒன்றான டபிள்யூபிசியின் சாம்பியன் டிரெவர் பெர்பிக் இரண்டாவது ரவுண்டில் ஒரு இடது ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து, வாங்கினார். விழுந்தார், எழுந்தார், கால் பின்னி மறுபடி விழுந்தார், மறுபடி எழப் பார்த்து மூன்றாவது முறையும் சாய்ந்தார். எல்லாம் ஒரே குத்துக்கு. முகமது அலியின் கடைசிச் சண்டையில் அவரைத் தோற்கடித்தவர் இந்த பெர்பிக்தான். டைசனுக்கு அப்போது 20 வயது 4 மாதம். பேட்டர்சனின் சாதனை உடைந்தது. அதை டைசனிடமிருந்து இன்றுவரை ஹெவிவெயிட்டில் யாரும் பறிக்கவில்லை. 1987 மார்ச்சில் ஜேம்ஸ் ஸ்மித்திடமிருந்து டபிள்யூபிஏ பட்டம், ஆகஸ்டில் டக்கரிடமிருந்து ஐபிஎஃப் பட்டம். ஒன்பதே மாதத்தில், 21 வயதில், சிதறிக் கிடந்த மூன்று பட்டங்களும் ஒரே ஆளிடம்.

"அந்தக் காலத்து ஹெவிவெயிட்டுகள் எல்லாம் சோப்ளாங்கிகள்" என்று ஒரு வாதம் உண்டு. பாதி நிஜம். எண்பதுகளின் நடுவில் திறமைக்குப் பஞ்சமில்லை, ஒழுங்குக்குத்தான் பஞ்சம். போதை, தொப்பை, புரமோட்டரோடு வழக்கு என்று ஆளுக்கொரு கதை. பட்டம் கை மாறிக்கொண்டே இருந்தது. ஆனால் இரண்டு விஷயங்களை அந்த வாதக்காரர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். லாரி ஹோம்ஸ் வாழ்நாளில் 75 சண்டைகள் போட்டவர். ஐம்பது வயது தாண்டியும் ரிங்கில் இறங்கியவர். பின்னாளில் டைசனையே வென்ற எவாண்டர் ஹோலிஃபீல்டுகூட அவரைப் புள்ளிகளில்தான் ஜெயித்தார். அந்த 75-ல் அவரை நாக்-அவுட் செய்த ஒரே ஆள் டைசன், 1988 ஜனவரி, நான்காவது ரவுண்டு. ஹோம்ஸுக்கு 38 வயது, இரண்டு ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஓய்விலிருந்து வந்தவர் என்பதெல்லாம் சரி. ஆனால் அதற்குப் பிறகு இன்னும் வயதான ஹோம்ஸை வேறு யாராலும் அப்படிச் செய்ய முடியவில்லையே.

இரண்டாவது, மைக்கேல் ஸ்பிங்க்ஸ். 31 சண்டை, தோல்வியே இல்லை. சாம்பியனாக இருந்த ஹோம்ஸை 1985-ல் ஜெயித்தவர் என்பதால், "உண்மையான சாம்பியன் ஸ்பிங்க்ஸ்தான்" என்று சொல்ல ஒரு கூட்டமே இருந்தது. 1988 ஜூன் 27, அட்லாண்டிக் சிட்டி. விலாவில் விழுந்த ஒரு வலது குத்துக்கு ஸ்பிங்க்ஸ் முழங்காலிட்டார்.  எழுந்தார். சில விநாடிகளில் மல்லாந்தார். மொத்தம் 91 விநாடி. அவர் மறுபடி ரிங்குக்கே வரவில்லை.

ஆக, முதல் பில்டப் என்று ஒன்று இருந்ததே, "இந்தப் பையன் மிக இளம் வயதில் சாம்பியன் ஆவான், எல்லாப் பட்டத்தையும் அள்ளுவான், பார்க்கிறவனை நாற்காலி நுனிக்கு வரவழைப்பான்" என்று, அதை அவர் வட்டியோடு தீர்த்துவிட்டார். எத்தனையோ பேருக்கு இதே மாதிரி ஆரூடம் சொன்னார்கள். பலித்தது மிகச் சிலருக்கு.

பிரச்சினை இரண்டாவது பில்டப்பில். யாராலும் வெல்ல முடியாதவர், அலியையும் ஜோ லூயிஸையும் தாண்டியவர், சரித்திரத்திலேயே பெரியவர் என்ற பேச்சு. இதற்கான எச்சரிக்கை மணிகள் அவர் உச்சத்தில் இருந்தபோதே அடித்தன. 1986 மே மாதம் ஜேம்ஸ் டில்லிஸும் மிட்ச் கிரீனும் அடுத்தடுத்துப் பத்து ரவுண்டு முழுக்க நின்று காட்டினார்கள். ஸ்மித் பன்னிரண்டு ரவுண்டும் டைசனைக் கட்டிப்பிடித்தே ஓட்டினார். பார்க்கச் சகிக்காத சண்டை. ஆனால் அதிலிருந்து ஒரு பாடம் எல்லோருக்கும் கிடைத்தது: கையைக் கட்டிவிட்டால் இவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை, நடுவர் பிரித்துவிடக் காத்து நிற்கிறார். டக்கர் முதல் ரவுண்டிலேயே ஒரு அப்பர்கட்டில் அவரை உலுக்கினார். நான்கு பேரிடமும் டைசன் புள்ளிகளில் ஜெயித்தார், அது உண்மை. ஆனால் முதல் ஐந்தாறு ரவுண்டுகளில் எதிராளி பயந்து விழாவிட்டால், அப்புறம் வருவது வேறு டைசன்.

1988-ல் எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றது. மார்ச்சில் ஜேக்கப்ஸ் இறந்தார். கேட்டனோடு தகராறு, கல்யாணம் முறிந்தது, புரமோட்டர் டான் கிங் உள்ளே வந்தார். ஆண்டு முடிவதற்குள் ரூனியை வெளியே அனுப்பினார். என் கணக்கில் டைசன் தோற்ற நாள் அதுதான். மற்றதெல்லாம் முடிவு வரக் காத்திருந்த காலம். 1989 பிப்ரவரியில் ஃபிராங்க் புரூனோவுடன் நடந்த சண்டையைப் பாருங்கள். தலை அசையவில்லை. நேராக நடந்து வருகிறார், ஒற்றைக் குத்தாகத் தேடுகிறார். முதல் ரவுண்டிலேயே புரூனோவின் இடது ஹூக்கில் தடுமாறுகிறார். ஐந்தாவது ரவுண்டில் சண்டை நின்றது, டைசன் ஜெயித்தார், ஸ்கோர் பார்த்தவர்கள் "அடுத்த நாக்-அவுட்" என்று எழுதிக்கொண்டார்கள்.

டோக்கியோ, 1990 பிப்ரவரி 11. பஸ்டர் டக்ளஸ் மீது லாஸ் வேகஸின் மிராஜ் சூதாட்ட விடுதி வைத்த பந்தயக் கணக்கு 42-க்கு 1, அதாவது அவர் ஜெயிப்பார் என்று ஒன்று கட்டினால் 42 கிடைக்கும். இந்த டக்ளஸ் மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே டோனி டக்கரிடம் பட்டச் சண்டையில் தோற்றவர். அதனால் அவரை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. டோக்கியோவில் பயிற்சியின்போதே கிரெக் பேஜ் என்பவர் டைசனைத் தரையில் உட்கார வைத்திருந்தார். அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டக்ளஸுக்குச் சண்டைக்கு மூன்று வாரம் முன்னால்தான் அம்மா இறந்திருந்தார். வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் வராத ஒரு டக்ளஸ் அன்று ரிங்கில் ஏறினார். 83 அங்குல நீட்டளவுள்ள கையால் ஜாப், அதன் பின்னாலேயே வலது, டைசன் நெருங்கினால் அணைத்துப் பிடிப்பது. ரூனி காலத்து டைசன் அந்த ஜாபுக்கு வெளியே சாய்ந்திருப்பார். அன்றைய டைசன் முகத்தை நீட்டி வாங்கிக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு அவர் கார்னரில் நடந்ததை நம்பவே கஷ்டமாக இருக்கும். உலக சாம்பியனின் கண் வீங்கி மூடிக்கொண்டு வருகிறது. வீக்கத்தை அமுக்க எல்லா கார்னரிலும் குளிர வைத்த ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கும். அது கொண்டுவரப்படவில்லை. ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக் கட்டி, பலூன் மாதிரி கண்மேல் வைத்து ஒற்றிக்கொண்டிருந்தார்கள். கோடிக்கணக்கில் சம்பாதிக்கிற ஆளின் கார்னர் அது!

எட்டாவது ரவுண்டு முடியும் தறுவாயில் டைசனின் அப்பர்கட்டில் டக்ளஸ் விழுந்தார். நடுவரின் எண்ணிக்கை டைம்கீப்பருடையதைவிடப் பின்தங்கியது, அதனால் டக்ளஸ் தோற்றிருக்க வேண்டும் என்று டான் கிங் கூச்சல் போட்டார். டைசன் ரசிகர்கள் இன்னும் அதைப் பிடித்துத் தொங்குகிறார்கள். விழுந்தவர் பார்க்க வேண்டியது நடுவரின் விரல்களை. டக்ளஸ் தெளிவாகத்தான் இருந்தார், விழுந்த எரிச்சலில் தரையைக் குத்தியதுகூடப் படத்தில் தெரிகிறது. பத்தாவது ரவுண்டில் டைசன் விழுந்து, கழன்று போன பல்காப்பைத் தரையில் தடவித் தேடி, கோணலாக வாயில் செருகிக்கொண்டு எழப் பார்த்த காட்சி எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியாதது நீதிபதிகளின் அட்டை. ஒன்பது ரவுண்டு உதை வாங்கிய பிறகும் ஒரு நீதிபதி கணக்கில் டைசன் ஒரு புள்ளி முன்னிலை, இன்னொருவர் கணக்கில் சமம். பில்டப் எவ்வளவு தூரம் கண்ணை மறைக்கும் என்பதற்கு இந்த அட்டைகளைத்தான் நான் காட்டுவேன்.

"கஸ் உயிரோடு இருந்திருந்தால்..." என்ற புலம்பல் இங்கே வந்துவிடும். டமாட்டோ இறந்தது 1985 நவம்பரில். பெர்பிக், டக்கர், ஹோம்ஸ், ஸ்பிங்க்ஸ் எல்லாம் அதற்குப் பிறகு, ரூனியின் கீழ் வந்த வெற்றிகள். கிழவர் இருந்திருந்தால் டைசன் கெட்டுப்போயிருக்க மாட்டார் என்பதும் அவ்வளவு உறுதி இல்லை. கேட்ஸ்கிலில் டைசனுக்கு முதலில் பயிற்சி கொடுத்த டெடி அட்லஸ், பையனின் நடத்தையை டமாட்டோ கண்டிக்காமல் விடுகிறார் என்று மோதித்தான் அந்த ஜிம்மை விட்டே போனார். சாம்பியன் வேண்டும் என்ற அவசரத்தில் எதையெதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

1992-ல் இண்டியானாபொலிஸில் பாலியல் வல்லுறவு வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 1995 மார்ச் வரை சிறையில் இருந்தார். அவர் எப்போதும் மறுத்தே வந்திருக்கிறார், தீர்ப்பு தீர்ப்பாகவே நிற்கிறது. "சிறை அவருடைய நல்ல வருஷங்களைத் தின்றுவிட்டது" என்று சொல்கிறவர்கள் அவரை ஏதோ விபத்தில் சிக்கியவர் மாதிரி பேசுகிறார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. அதோடு, சிறைக்குப் போவதற்கு இரண்டு வருஷம் முன்பே டோக்கியோ நடந்துவிட்டது.

வெளியே வந்ததும் 1996-ல் புரூனோவிடமும் புரூஸ் செல்டனிடமும் பட்டங்களைப் பிடுங்கினார். இருவரும் பாதி பயத்திலேயே தோற்றார்கள். அந்த நவம்பரில் எவாண்டர் ஹோலிஃபீல்ட் வந்தார். வயது 34, முடிந்துபோனவர் என்று பேசப்பட்டவர். டைசனுக்கு வயது 30. பதினோராவது ரவுண்டில் நடுவர் நிறுத்தினார். அந்தச் சண்டையில் ஹோலிஃபீல்ட் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஸ்மித் மாதிரி பிடித்தார், டக்ளஸ் மாதிரி முதலில் குத்தினார், நெருக்கத்தில் தலையால் முட்டினார், பயப்படவில்லை. மறுசண்டையில் டைசன் ஹோலிஃபீல்டின் காதைக் கடித்த கதை உங்களுக்கே தெரியும். 2002-ல் லெனாக்ஸ் லூயிஸிடம் வாங்கிய அடியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன், அப்போது டைசன் என்று வந்தவர் பெயரளவில்தான் டைசன். 58 வயதில் யூடியூபர் ஜேக் பாலுடன் ஆடிய கூத்தைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது.

இரண்டாவது பில்டப் ஏன் பொய் என்பதற்கு எனக்கு ஒரே ஒரு தகவல் போதும். டைசன் தன் வாழ்நாளில் ஒரு சண்டையில்கூடத் தரையிலிருந்து எழுந்து ஜெயித்ததில்லை. ஜோ லூயிஸ் 1937-ல் பிராடாக்கிடம் முதல் ரவுண்டிலேயே விழுந்து எழுந்துதான் பட்டம் வாங்கினார். மார்சியானோ பட்டம் வாங்கியதும் முதல் ரவுண்டில் வால்காட்டிடம் விழுந்து, பதின்மூன்றாவது ரவுண்டில் அவரைச் சாய்த்துத்தான். ஹோம்ஸ் 1979-ல் எர்னி ஷேவர்ஸின் பயங்கரமான வலது குத்தில் சரிந்து, எழுந்து, ஜெயித்தார். டைசன் டக்ளஸிடம், ஹோலிஃபீல்டிடம், லெனாக்ஸ் லூயிஸிடம், கடைசிக் காலத்தில் டேனி வில்லியம்ஸிடம் விழுந்தார். ஒவ்வொன்றும் தோல்வியில்தான் முடிந்தது.

அதனால் ஹெவிவெயிட் சரித்திரத்தில் என் பட்டியலில் அவர் முதல் பத்துக்குள் கடைசிப் பக்கமாக எங்கேயோ வருவார். ஜோ லூயிஸ் 25 முறை பட்டத்தைக் காத்தார். டைசன் முதல் ஆட்சியில் ஒன்பது முறை. அதற்கு மேலே தூக்கி வைக்க மனசு வந்தாலும் கணக்கு இடம் கொடுக்காது.

"உச்சத்தில் இருந்த டைசனும் உச்சத்தில் இருந்த அலியும் மோதினால்?" என்று அடுத்த கேள்வி எப்படியும் வரும். நான்கு ரவுண்டுக்குள் முடிந்தால் டைசன், ஆறு தாண்டினால் அலி. அலியை நான்கு ரவுண்டுக்குள் முடித்தவர் யாரும் இல்லை என்பதால் என் காசு அலி மேல். 1988 ஜூன் மாதத்து டைசனும் 1996 நவம்பர் மாதத்து ஹோலிஃபீல்டும் என்றால் கொஞ்சம் யோசிப்பேன், ரூனி கார்னரில் நின்று எண் கத்துகிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன்.